மாரிமுத்துவின் பிக்கப் நின்றதும் நில்லாததும்

ஓடாத வண்டிக்கு ஊரில் உள்ள அத்தனை பேரும் வைத்தியம் சொல்வார்கள். நிற்காத வண்டியை மட்டும் ஒருவரும் தொடமாட்டார்கள், நேரே என் பட்டறைக்கு அனுப்பிவைத்துவிடுவார்கள். எங்கள் சிற்றூரான திகாம் பத்துவில், சாலையோரமாக, நானாவின் ரொட்டிக் கடைக்கு அடுத்த வாசலில், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரேக் வேலை ஒன்றையே செய்து வருகிறேன். இத்தொழிலை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. கழற்றிப் பார்த்தேன், மாட்டிப் பார்த்தேன், மாட்டி முடித்தபின் கையில் மிஞ்சிய திருகாணிகளைப் பார்த்து என் பிழைகளை உணர்ந்துகொண்டேன். இப்போது திருகாணி எதுவும் மிஞ்சுவதில்லை. பெற்றோர் வைத்த பெயர் சுப்பிரமணியம். சுங்கைப் பட்டாணி வரையில் ‘பிரேக் மணியம்’ என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

பிக்கப் வைத்திருக்கும் அன்பர்களே, உங்கள் துன்பம் என் துன்பம். நாம் அந்த வண்டியைக் காரைப் போல் அலங்கரிக்கிறோம், லோரியைப் போல் சுமை ஏற்றுகிறோம், பிரேக்கை மட்டும் மிதிவண்டிக்கு இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறோம். நான் இங்கே எழுதப் புகுவது பெரும்பாலும் ஒரே பிக்கப்பைப் பற்றி. அதன் உரிமையாளர் மாரிமுத்து, எங்கள் ஊர்த் தோட்டத்தை ஒட்டிச் சொந்தமாகக் கொஞ்சம் எண்ணெய்ச் செம்பனை வைத்திருப்பவர். குலைகளைத் தாமே ஆலைக்கு ஏற்றிச் செல்பவர். அவருடைய மனைவி சரசு.

இவ்வாண்டு எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு, வழக்கமாக அம்மனை ஏற்றிவரும் டிராக்டர் படுத்துவிட்டது. கோவில் கமிட்டி மாரிமுத்துவின் பிக்கப்பைத் தேர்ந்தெடுத்தது. மேட்டுப் பிள்ளையார் கோவிலிலிருந்து கீழே அம்மன் கோவில் வரை அரை மைல் தூரம், முழுதும் இறக்கம். அம்மன் பிக்கப்பில் பின்னால் வருவாள்; பால்குடம் எடுக்கும் பெண்கள் முன்னால் நடப்பார்கள். அந்தப் பெண்களில் சரசுவும் ஒருவர். அவருடைய வேண்டுதல் என்னவென்று கேட்டீர்களானால், ‘இந்த வண்டியில் போகிற மனிதர் நாள்தோறும் முழுதாக வீடு வந்து சேரவேண்டும்’ என்பதுதான். அம்மன் அதை நிறைவேற்றிக் கொடுத்தாள். நன்றிக்கடனை அதே வண்டிக்கு முன்னால் நடந்து செலுத்தவேண்டும் என்று ஆகிவிட்டது. திருவிழாவுக்கு மூன்று மாதம் இருக்கையில் கமிட்டித் தலைவர் அந்தப் பிரேக்கை என் பொறுப்பில் ஒப்படைத்தார்.

வானொலி வைத்தியம்

முதல் நாள் மாரிமுத்துவின் வண்டி பட்டறைக்குள் நுழையுமுன்பே அதன் பாட்டு நுழைந்தது. கதவுக்கு இரண்டு, இருக்கைக்குப் பின்னால் இரண்டு என்று புதிய ஒலிபெருக்கிகள். எஞ்சினை நிறுத்தி, பாட்டையும் நிறுத்தச் சொல்லி, நான் வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டே அவரைப் பிரேக்கைத் தொடச் சொன்னேன். ஆணியால் தகரத்தைக் கீறியதுபோல் ஒரு கூச்சல் எழுந்தது. நானா கடையில் ரொட்டி தின்றுகொண்டிருந்த இருவர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அன்பர்களே, பிரேக் பேட் என்பது சுழலும் இரும்புத் தட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கட்டை. அது தேய்ந்து தீரும் வேளையில் கூச்சலிடுவதற்கென்றே அதில் சிறு இரும்பு நாக்கு ஒன்றை வைத்திருக்கிறார்கள். செய்தவர்களுக்கு நம்மைத் தெரியும்; கண்ணால் பார்க்கமாட்டோம், காதாலாவது கேட்போம் என்று நம்பியிருக்கிறார்கள். மாரிமுத்துவின் பேட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். காகிதம்போல் மெலிதாக வீசும் நானா கடை ரொட்டி டிஸ்யூவுக்கு அதைவிடக் கனம் அதிகம். “தம்பி, இந்தச் சத்தம் உனக்குக் கேட்கவே இல்லையா?” என்று வினவினேன். அவர் சற்றும் தயங்காமல் பதில் சொன்னார்: “கேட்டுச்சு அண்ணே, ரெண்டு மாசமா கேட்டுச்சு. ரேடியோவைக் கூட்டுனேன், நின்னுபோச்சு.”

மூன்று மிதி

புதிய பேட் மாட்டியதும், ஓட்டிச் சோதித்துப் பார்க்குமுன்பே, ஆலையில் வரிசை நீண்டுவிடும் என்று சாவியைப் பறித்துக்கொண்டு ஓடியவர், மறுவாரம்தான் அகப்பட்டார். இம்முறை விடாமல் பக்கத்து இருக்கையில் நானே ஏறி அமர்ந்தேன். குருண் சாலையில் முன்னால் ஒரு லோரி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. மாரிமுத்து பிரேக்கை மிதித்தார், ஒன்றும் ஆகவில்லை. மீண்டும் மிதித்தார், வண்டி சற்றே யோசித்தது. மூன்றாம் மிதியில் நின்றது. லோரியின் பின்பலகையில் எழுதியிருந்ததை எழுத்தெழுத்தாகப் படிக்கும் தூரத்தில் நின்றது. நான் நெஞ்சில் கைவைத்திருப்பதைக் கண்ட அவர் ஆறுதலாக விளக்கினார். முதல் மிதி எழுப்புவதற்கு, இரண்டாவது சொல்வதற்கு, மூன்றாவதில் அது கேட்டுக்கொள்ளுமாம்.

வண்டி சோம்பேறியல்ல, அன்பர்களே. ரப்பர் குழாய் ஒன்று கசிந்து, பிரேக் ஆயில் ஓடவேண்டிய வழியில் காற்று புகுந்திருந்தது. மிதிக்கிற விசையெல்லாம் காற்றை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். குழாயை மாற்றினேன். காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். ஒருவர் மேலே மிதித்துப் பிடிக்க, மற்றவர் கீழே படுத்துத் திருகாணியைத் திறந்து மூடவேண்டும். மாரிமுத்து மிதித்தால் பிடிக்கமாட்டார், பிடித்தால் பேசிக்கொண்டே விட்டுவிடுவார். ஆகவே அவருக்குச் சோறு கொண்டுவந்த சரசுவை ஏற்றி உட்காரவைத்தேன். “மிதி, பிடி, விடு” என்ற என் மூன்று கட்டளைகளுக்கும் அந்த அம்மாளின் கால் பிசகாமல் பணிந்தது. பிறகு வண்டியை மாரிமுத்துவிடம் கொடுத்து ஓட்டச் சொன்னேன். பழக்க தோஷத்தில் முதல் மிதியை ஓங்கி மிதித்தார். வண்டி அந்த இடத்திலேயே குத்துக்கல்லாய் நின்றது. அவருடைய நெற்றி கண்ணாடியை நோக்கிப் போய்த் திரும்பியது. இறங்கிவந்து என்மேல் குறைபட்டுக்கொண்டார்: “என்னா அண்ணே இது, சொல்லாம கொள்ளாம நிக்குது?”

சரசுவின் கால்விரிப்பு

பிரேக் எப்படி இருக்கிறது என்று எந்த உரிமையாளரையும் நான் கேட்பதில்லை. ‘நல்லாத்தான் இருக்கு’ என்பார்கள். பக்கத்து இருக்கையின் கால்விரிப்பைத்தான் பார்ப்பேன். இது நானே கண்டுபிடித்த முறை; எந்தப் புத்தகத்திலும் இதுவரை அச்சாகவில்லை. கணவன் ஓட்ட, மனைவி இடப்பக்கம் அமர்ந்திருக்கும் வண்டியில், அந்த அம்மாளின் வலக்குதிகால் படும் இடத்தில் விரிப்பு வழுவழுப்பாக இருந்தால் பேட் பாதி தீர்ந்திருக்கும். ரப்பர் வெடித்திருந்தால் உடனே வண்டியை ஜாக்கியில் தூக்கிவிடுவேன்.

மாரிமுத்துவின் வண்டியில், சரசுவின் பக்கத்து விரிப்பில் ஓட்டையே விழுந்திருந்தது. ஓட்டையின் வழியாக அடித்தகடு தெரிந்தது. தகட்டில் பெயிண்ட்டும் போயிருந்தது. ஓட்டுநர் பக்கத்து விரிப்போ கடையில் வாங்கிய அன்றைய புதுமையோடு கிடந்தது. ஓட்டை விழுந்ததை எடுத்து மாரிமுத்துவிடம் காட்டினேன். அவர் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார். சரசுவோ அந்த விரிப்பை ஒரு பதக்கத்தைப் போல என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்: “அவரு மிதிக்கிறதுக்கு முன்னாடியே நான் மிதிச்சிருவேன் அண்ணே. இத்தனை வருசமா இந்த வண்டி நின்னதெல்லாம் என் காலாலதான்.”

கடைசிக் குலை

ஓட்டும் பிரேக் சீரானதும், நிறுத்தும் பிரேக் தன் முறைக்கு வந்தது. ஹேண்ட் பிரேக்கின் கம்பி தளர்ந்து எத்தனையோ காலம் ஆகியிருக்கிறது. பிடியை மேலே இழுத்தால் அது தாராளமாக ஏறி இறங்கியது. மாரிமுத்து அதற்காக வருந்தியதில்லை. கல் தேடுவது சிரமம் என்பதால், மேட்டுச் சரிவில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் செம்பனைக் குலை ஒன்றைச் சக்கரத்தின் கீழே அண்டை கொடுத்து வைப்பார். முள்ளும் கனமுமாக அது நன்றாகத்தான் பிடிக்கும். செம்பனைக்காரர் பலரும் இதைச் செய்பவர்கள்தாம். இதைப் படிப்பவர்களில் எத்தனை பேர் இப்போது விழிக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒருநாள் பிற்பகல் குலை ஏற்ற ஓர் இந்தோனேசியத் தொழிலாளரை அமர்த்தியிருந்தார். அவரோ வேலையில் மிகச் சுத்தம். மாரிமுத்து சற்றுத் தள்ளி மரநிழலில் குந்தி ரொட்டியைக் கோப்பியில் தோய்த்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் அங்குள்ள குலைகளை எல்லாம் ஏற்றி முடித்துவிட்டு, ஒன்றும் விடுபடவில்லையே என்று வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். விடுபட்டது ஒன்று இருந்தது. கம்பியால் குத்தி இழுத்து, அதையும் மேலே வீசினார். வண்டி, தான் நிறைந்துவிட்டதாகக் கருதி, தானாகவே புறப்பட்டது. ஐம்பது அடி போய்க் கால்வாயில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. நல்லவேளையாக எதிரே ஒருவரும் இல்லை.

இழுத்து வந்தார்கள். கம்பியை மாற்றிக்கொண்டிருந்த எனக்கு உள்ளூரக் கொதித்தது. அந்த இறக்கத்தில் இவர் மனைவி குடத்தோடு நடக்கப்போகிறாரே என்ற நினைப்புத்தான். “அந்த ஆளுக்குக் கண் இல்லையா?” என்று கடிந்துகொண்டேன். மாரிமுத்து நேர்மையானவர், தொழிலாளரை விட்டுக்கொடுக்கவில்லை: “அவன் மேல தப்பு இல்ல அண்ணே. ஒரு குலையக்கூட விட்டுறக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன்.”

நானாவின் பின்சக்கரம்

மாரிமுத்துவின் வண்டியை ஜாக்கியில் விட்டுவிட்டு, அந்த வாரம் பக்கத்து வாசலுக்கும் போகவேண்டியிருந்தது. என் அண்டைவீட்டாரான நானா, மீன்கறிக்குப் பெயர்பெற்ற கடைக்காரர். விற்பவரின் காதோடு காதாக விலை சொல்லி மீன் வாங்கும் கோத்தா கோலா மூடா சந்தைக்கு, வாரம் மூன்று நாள் தம் பிக்கப்பில் போய்வருவார். மீன்பெட்டிகளிலிருந்து ஐஸ்நீரும் உப்பும் பின்சக்கரத்தின் மேலேயே வடியும். பின்சக்கரத்தில் தட்டு இராது. மூடிய டிரம்முக்குள்ளேதான் பிரேக் இருக்கும். உப்பு அதற்குள் புகுந்து, பிடித்த பிரேக் விடாமல் ஒட்டிக்கொள்ள, டிரம் அடுப்புக்கல் போல் காய்ந்தது. காய்ந்த டிரம்மில் மீன்நீர் சொட்டச் சொட்ட, நானா எங்கே வண்டியை நிறுத்தினாலும் சூடான வறுவல் வாசனை கிளம்பியது. திகாம் பத்துப் பூனைகள் அத்தனையும் அவருடைய வண்டியின் அடியில் குடியேறின. டிரம்மைக் கழற்றிச் சுரண்டி, துருப்பிடித்த ஸ்பிரிங்குகளை மாற்றி, பெட்டிக்கு அடியில் தகரத்தட்டும் வைத்துக் கொடுத்தேன். மறுநாள் எப்படி இருக்கிறது என்று விசாரித்தபோது நானா தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: “பிரேக் இப்ப விட்டுடுச்சு மணியம். பூனைதான் இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கு.”

இறக்கத்தில் ஒத்திகை

திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஒத்திகை ஒன்று வைத்தேன். அம்மன், அவள் அமரும் மரமண்டபம், பூ அலங்காரம் எல்லாவற்றின் கனத்தையும் மனத்துக்குள் மதிப்பிட்டு, அவ்வளவுக்குச் செம்பனைக் குலைகளை ஏற்றி, மேட்டிலிருந்து நடைவேகத்தில் இறங்கச் சொன்னேன். பூசாரியும் கமிட்டித் தலைவரும் சாலையோரமாகக் கூடவே நடந்து வந்தார்கள். சரசு கீழே அம்மன் கோவில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாதி தூரம் வந்ததும் முன்சக்கரங்களிலிருந்து புகை. முக்கால் தூரத்தில் மாரிமுத்துவின் முகம் மாறியது. கடைசி வளைவில் அவர் கை ஹேண்ட் பிரேக்குக்குப் போனது. நான் புதிதாக மாட்டிய கம்பிதான் அன்று எங்கள் மானத்தைக் காத்தது.

உள்ளே எட்டிப் பார்த்தால் கியர் நடுவில் கிடந்தது. டீசல் மிச்சம் என்று, இறக்கம் கண்டாலே கியரைக் கழற்றிவிடுகிற பழக்கம் நம் அன்பர்களில் யாருக்குத்தான் இல்லை? கியர் இல்லாத வண்டியின் முழுப்பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்கவேண்டும்; தாங்கித் தாங்கிக் காயும்; பிரேக் ஆயில் கொதிக்கும்; கொதித்தால் மிதி தரையோடு அமிழ்ந்துவிடும். ஆயில் புட்டியைத் திறந்தேன். பாலில்லாத கோப்பி ஓ நிறம்! வண்டி வாங்கிய நாள்முதல் முழுதாக மாற்றியதே இல்லை; குழாய் மாற்றிய அன்று நானும் குறைந்ததை மட்டுமே நிரப்பியிருந்தேன். எல்லாவற்றையும் வடித்துப் புதிதாக ஊற்றி, மறுநாள் வண்டியை முதல் கியரில் இறங்கச் செய்தேன். வண்டி எஞ்சினின் பிடியிலேயே அடக்கமாக இறங்கியது. பிரேக்கை அங்கங்கே தொட்டால் போதுமாயிருந்தது.

மாரிமுத்துவுக்கு மட்டும் மனக்குறை. “முதல் கியர்ல இறங்குனா எஞ்சின் என்னமா கத்துது! கத்துற வண்டியில அம்மன் எப்படிண்ணே வரும்?” என்றார். நான் வாய் திறக்குமுன் பூசாரி தீர்ப்பளித்துவிட்டார்: “கத்தட்டும்லா. உறுமி மேளம் வருதுல்ல, அம்மனுக்கு ஒண்ணும் கேக்காது.”

பொட்டு வைத்த தட்டு

திருவிழாக் காலையில் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, அதே ரகமான என் சொந்தப் பிக்கப்பில் மேட்டுப் பிள்ளையார் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தேன். மாரிமுத்துவின் வண்டி வாழையும் தோரணமுமாக நின்றது, அம்மனும் ஏறிவிட்டாள். பெருமையோடு சக்கரத்தின் இடுக்குவழியே குனிந்து பார்த்தேன். பிரேக் பேட் கவ்வும் அந்த இரும்புத்தட்டு வெள்ளித் தாம்பாளமாய் மின்னியது. அதன்மேல் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம். விரலால் தொட்டு முகர்ந்தேன். நல்லெண்ணெய். முந்தின நாள் மாரிமுத்து சக்கரங்களைக் கழற்றிக் கழுவியிருக்கிறார். விடிந்து பார்த்தால் தட்டெங்கும் செந்துரு. நீர்பட்ட தட்டு ஒரே இரவில் அப்படித்தான் பூக்கும். நாலு முறை பிரேக் பிடித்தால் தானே போய்விடும். இதை நான் அவரிடம் சொல்லிவைக்கவில்லை, பிழை என்னுடையது. அம்மன் ஏறும் வண்டியில் துருவா என்று பதறிய மனிதர், விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயை எடுத்து, இரண்டு முன்தட்டுகளையும் துடைத்து மெருகேற்றிவிட்டார். மேட்டில் ஏறிவந்த வண்டி தானே நின்றது; பிரேக் வழுக்குவது அவருக்குத் தெரிய வழியில்லை.

ஏறிய அம்மனை இறக்கக்கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டார். ஆகவே அம்மன் மேலிருக்கவே வண்டியை ஒருபக்கம் தூக்கினேன். அவளும் சாய்ந்து, நான் செய்வதைக் கவனித்தாள். கோப்பி கலக்க வைத்திருந்த கொதிநீரையும் பாத்திரம் கழுவும் சோப்பையும் வாங்கித் தட்டுகளைத் தேய்த்துக் கழுவித் துடைத்தேன். எண்ணெய் குடித்த பேட் திருந்தாது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, என் வண்டியின் பேட்டுகளைக் கழற்றி இதற்கு மாட்டினேன். கரி என் வேட்டியில், திருநீறு என் ஸ்பேனரில். மேளக்காரர்கள் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துப் பொழுதை ஓட்டினார்கள். சரசு குடத்தை மடியில் வைத்தபடி என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிதி கெட்டிப்படும்வரை மிதித்துவிட்டு, கோவிலின் சமதரையில் வண்டியைச் சில முறை ஓட்டி ஓட்டி நிறுத்தினேன். நிறுத்தியபோதெல்லாம் நின்றது, அம்மனும் ஒவ்வொரு முறையும் முன்னுக்குத் தலையசைத்து ஆமோதித்தாள். நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் கையைத் துடைத்துக்கொண்டு, “இனி அந்தத் தட்டில் எவரும் கைவைக்கக்கூடாது” என்று எல்லார் முன்னிலையிலும் ஆணையிட்டேன். மாரிமுத்து என் காதருகே வந்து பணிவாகக் கேட்டார்: “பொட்டு மட்டும் வெச்சுக்கலாமாண்ணே?”

இரண்டு முழம்

என் வேலை முடிந்தது, ஓரமாக நின்று கும்பிடலாம் என்று நகர்ந்தேன். தலையில் குடம் ஏறிய சரசு, கழுத்தைத் திருப்பாமல் கூப்பிட்டார்: “அண்ணே, பிரேக் சரியா இருக்கா?” சரியாக இருக்கிறது என்றேன். “நிச்சயமா?” நிச்சயம் என்றேன். “அப்ப அங்க ஏன் நிக்கிறீங்க? வாங்க, என் பக்கத்துல நடங்க.” பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாற்பது ஆண்டுத் தொழிலில் எந்த வாடிக்கையாளரும் என்னிடம் கேட்காத உத்தரவாதம் அது. மறுத்தால் என் வேலையை நானே மறுத்ததாகும். பிக்கப்பின் மூக்குக்கும் என் முதுகுக்கும் இடையில் வேறு ஆளில்லாதபடி, சரசுவின் இடப்பக்கமாக, கரிபடிந்த வேட்டியுடன் நடக்கத் தொடங்கினேன்.

முதல் கியரின் கத்தல் காதுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனாலும் பத்தடிக்கு ஒருமுறை கழுத்து தானாகத் திரும்பியது. “திரும்பிப் பாக்காதீங்க அண்ணே, நீங்க பாத்தா எனக்குப் பயமா இருக்கு” என்றார் சரசு. அதன்பின் நான் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் வந்தேன். மிகச் செங்குத்தான அந்தக் கடைசி வளைவில், எல்லாருக்கும் முன்னால் சென்ற பூசாரிக்கு அருள் வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே ஆடத் தொடங்கினார். முதல் வரிசைப் பெண்கள் நின்றார்கள், அடுத்த வரிசை நின்றது, சரசு நின்றார், நானும் நின்றேன். நிற்கவேண்டியது இன்னும் ஒன்றுதான் பாக்கி. எனக்குப் பின்னால் ஒரேயொரு மிதியின் சத்தம் கேட்டது. மேலே மணிகள் குலுங்கின. எஞ்சினின் அனல் என் கெண்டைக்காலில் பட்டது. அப்புறம் ஒன்றும் படவில்லை.

குடத்திலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், நேரே பார்த்தபடி சரசு கேட்டார்: “நின்னுச்சா?” நின்றது என்றேன். “எவ்வளவு தூரத்துல?” இப்போது துணிந்து திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அப்பால் மாரிமுத்து இரண்டு கைகளையும் எடுத்து அம்மனுக்கா எனக்கா என்று தெரியாமல் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கால் மட்டும் மிதியைவிட்டு எழவில்லை. இரண்டு முழம் இருக்கும் என்று சொன்னேன். சரசு அதை மனத்துக்குள் அளந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “அடுத்த வருசம் மூணு முழம் வேணும் அண்ணே.”

பிரேக்கைப் பற்றி நான் அறிந்தவற்றையெல்லாம் நாற்பது ஆண்டுகளாக வண்டிக்கு அடியில் படுத்துக் கற்றேன், அன்பர்களே; அறியாமல் விட்டதை அந்த அரை மைல் தூரத்தில் என் முதுகு கற்றுக்கொண்டது.